பிரிக்காத தையல்

எங்களில் ஒருத்தி முதல் நேர்காணலுக்குக் கோட் சூட் போட்டுக் கிளம்பிய அன்று, ஆவடி ரயில் நிலையத்தில் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். கோட்டின் பின்பக்கத் திறப்பில் பெருக்கல் குறி போல ஒரு வெள்ளை நூல் தையல் இருந்தது. டிசைன் என்று நினைத்தோம். நேர்காணல் அறையில் ஒரு அம்மையார் அந்தத் தையலையும், விண்ணப்பத்திலிருந்த முகவரியையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க ஏரியாவுல இப்ப கோட்டெல்லாம் போடறாங்களா?"

'ஏரியா' என்றால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியாதா?

காலை ஷிப்டு முடிந்து வந்த அவளுடைய அம்மா, கோட்டைத் திருப்பிப் பார்த்து பிளேடால் அதை ஒரே நொடியில் பிரித்துப் போட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் துணி தைப்பவர். "பெட்டியில போகும்போது மடங்காம இருக்கப் போடுற தையலுடி இது. போட்டுக்கறதுக்கு முன்னாடி பிரிச்சிடணும்." தைக்கத் தெரிந்த வீடுதான். போட்டுப் பழகிய வீடு இல்லை.

ஏன் இல்லை? 1930 டிசம்பரில் ராமநாதபுரத்து ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் கோட், சட்டை, பனியன் அணியக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மூடக் கூடாது. இன்னும் குடை, செருப்பு, நகை, பூ என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதே குளிர்காலத்தில்தான் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கோட் அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே, "வெள்ளைக்காரன் உடை எதுக்கு, சுடிதார் போதாதா?" என்று கேட்கும் முற்போக்குத் தோழர்களுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை. சுடிதாரும் போடுவோம். எதைப் போடுவது என்பது எங்கள் முடிவு.

இனி, எங்களுக்கு யாரும் சொல்லித் தராததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறோம். கோட்டில் முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம், கை நீளத்தைக் குறைக்கலாம்; தோளைச் சரிசெய்வது பெரிய செலவு. பின்பக்கத் தையலைப் பிரியுங்கள், கை ஓரத்தில் துணி லேபிள் தைத்திருந்தால் அதையும். பாக்கெட்டும் பெரும்பாலும் தைத்து மூடித்தான் வரும், உள்ளே பை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துப் பிரியுங்கள். உள்துணி முழுக்க பாலியஸ்டர் என்றால் சித்திரை வெயிலில் வெந்துவிடுவோம். அரை உள்துணி போதும். உள்ளே வெள்ளை காட்டன் சட்டை. உட்காரும்போது பட்டனைக் கழற்றிவிடுங்கள். நிறம்? சாம்பல், கறுப்பு எல்லாம் சரிதான். எங்களுக்கு நீலம். ஊர் ஊராகக் கூண்டுக்குள் நிற்கும் சிலையின் கோட் என்ன நிறம் என்று பாருங்கள்.

ரயிலில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பட்டரவாக்கத்தில் இறங்கி முகம் துடைத்து, ஆபீஸ் வாசலில் போட்டால் போதும்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அடுத்தது பூந்தமல்லி பக்கம் கிடைத்தது. இப்போது எங்கள் ஐந்து பேர் கோட்டுகளையும் அவளுடைய அம்மாதான் இடுப்புப் பிடித்துத் தருகிறார். காசு வாங்க மாட்டேன் என்கிறார், நாங்கள் விடுவதில்லை.