காதுல வாங்கினா போதுமா?

‘சண்டையே போடாத ஜோடி’ என்று எங்கள் சொந்தத்தில் எல்லோரும் கைகாட்டுவது என் அம்மா, அப்பாவைத்தான். 30 வருட தாம்பத்யம். ஆனால், எதிர்வீட்டு முருங்கை பூ விட்டிருப்பதைக்கூட அம்மா தஞ்சாவூரிலிருந்து சென்னையில் இருக்கும் எனக்கு போன் போட்டுத்தான் சொல்கிறார்.

‘‘பக்கத்துலதானே அப்பா இருக்கார், அவர்கிட்ட சொல்லேம்மா?’’

‘‘சொன்னேன்டி. ‘ம்’னார். போன்ல இருந்து தலையை எடுக்கலை.’’

இது சின்ன விஷயம் இல்லை என்கிறார் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு போலவே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, புதுமணத் தம்பதிகளைத் தங்கவைத்துக் கவனித்தார். ‘அந்தப் பறவையைப் பாரேன்’ என்பது போல ஒருவர் பேச்சுக்கு இழுக்கும்போது, மற்றவர் என்ன செய்கிறார்? இதுதான் கேள்வி. 6 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்தவர்கள் அப்படிப்பட்ட 100 அழைப்புகளில் 86-க்கு முகம் கொடுத்திருந்தார்கள். விவாகரத்தானவர்கள் 33-க்குத்தான்.

டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலைகளில் ஒன்று, உங்கள் போனில் வந்து விழும் நோட்டிஃபிகேஷனுக்கு வரி எழுதுவது. ஏழெட்டு வார்த்தைகளில் உங்களைத் திரும்பிப் பார்க்க வைக்க, ஒரு டீமே உட்கார்ந்து யோசிக்கிறோம். முருங்கைப் பூவைக் காட்டும் அம்மாவுக்கு டீம் கிடையாது. அவர் தோற்பது, அப்பாவுக்குப் பாசம் இல்லாததால் அல்ல.

ஆனால், பதில் கிடைக்காதவர்கள் முதலில் கோபப்படுவார்கள். அப்புறம், சொல்வதையே நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதியைத்தான் நாம் ‘சண்டையே போடாத ஜோடி’ என்று மெச்சுகிறோமோ?

அப்பாவிடமே கேட்டேன். ‘‘நான் காதுல வாங்கிட்டுத்தானேம்மா இருந்தேன்’’ என்றார். உண்மைதான். காதில் வாங்கினார், முகம் கொடுக்கவில்லை. நம் வீடுகளில் பாதி மனத்தாங்கல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மனைவி போனில் மூழ்கி, கணவர் ‘ம்’ வாங்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு.

முகம் கொடுக்க நேரமெல்லாம் ஒதுக்க வேண்டாம். நிமிர்ந்து பார்த்து, ‘அப்படியா? எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் போதும். பத்து விநாடி.

இதைப் படிக்கும்போதே உங்களை யாராவது கூப்பிட்டால், கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்து பாருங்கள். மீதி எங்கேயும் போய்விடாது.