ஒரு மணி நேர தூரம்

திருச்சியிலிருந்து கொழும்புக்கு, அதாவது கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு, வான்வழியாக ஏறத்தாழ 420 கிலோமீட்டர். விமானம் சுமார் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடுகிறது. சென்னையிலிருந்து 650 கிலோமீட்டர். ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரம். ஹட்டனுக்கு ரோட்டில் போகத்தான் அதைவிட அதிக நேரம் ஆகிறது.

எங்க அப்பாயியின் முன்னோர் முசிறிப் பக்கத்துச் சேரியிலிருந்து போனவங்க. காப்பித் தோட்டக் காலத்தில் போன சனங்க கடற்கரை வரைக்கும் நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, அங்கேருந்து மாத்தளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் காட்டு வழியே நடந்தாங்க. காலராவில் வழியிலேயே செத்தவங்களுக்குக் கணக்கும் இல்லை, கல்லும் இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலோடு சேர்த்துக் கப்பல் விட்டார்கள். 'போட் மெயில்' என்று அதைப் பெருமையாக எழுதுகிறவர்கள், மண்டபம் முகாமில் நோய்க்காக அடைத்துவைத்துச் சோதித்து அனுப்பப்பட்ட கூலிகளைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடல் தாண்டியும் சாதி போகலை. கங்காணி பெரும்பாலும் ஊர்த்தெருக்காரன். நம்ம ஆளுக்குக் கடைசி லயத்துக் காம்பிரா.

1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பேசி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தார்கள். ஆடு மாடு பங்கு பிரிக்கும்போதுகூடத் தாயையும் குட்டியையும் சேர்த்துப் பார்ப்பாங்க. எங்க வீட்டில் அத்தை குடும்பம் அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். 1973இல் அப்பா தலைமன்னாருக்கு ரயிலேறினார். "அந்தக் கோச்சி பூராவும் ஒரே ஒப்பாரிடா" என்பார். ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் இருந்து, நீலகிரியில் மறுபடியும் அதே தேயிலை, அதே கொழுந்து.

இங்கே வந்ததும் பெயர் 'சிலோன்காரன்'. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன ஒரு அலுவலகத்தில், பூர்வீக கிராமத்துக்கு என்ன ஆதாரம் என்றார்கள். அந்தப் பூர்வீக கிராமத்துக்குப் போனால், டீக்கடையில் ஆதாரமே கேட்கலை. அப்பாவைப் பார்த்ததும் தனி கிளாஸை எடுத்து வைத்தான்.

1984இல் கப்பலும் நின்றுபோச்சு. விமானம் மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொழுந்து பறிக்கிறவன் கூலியில் அதில் ஏற முடியுமா? அத்தை செத்த சேதி கடிதாசியில் வந்தபோது காரியம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அப்பாவும் அக்காவைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

2023இல் நான் போனேன். அத்தை மகள் அதே லயத்தில்தான் இருக்காங்க. 2003இல் சட்டம் வந்து குடியுரிமை பற்றிய பிரச்சினை பலருக்கும் தீர்ந்தது. காலடி நிலம் மட்டும் இன்னும் தோட்டத்துடையது. சாயத்தண்ணி கொடுத்தபடியே கேட்டாங்க:

"எத்தனை நாளாச்சு மச்சான், வந்து சேர?"

"பிளேன்ல ஒரு மணி நேரம்தான் மதினி."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அம்மா ஆறு மாசம் படுக்கையில கெடந்துச்சு" என்றாங்க.

அவங்களுக்கு பாஸ்போர்ட் இல்லை. எடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். டிக்கெட்டுக்கு மாசாமாசம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.