எனக்குத் தெரிந்திருந்தது

மாதவிடாய் வலியில் துடித்த ஒரு பெண்ணுக்கு என்ன நோய் இருக்கக்கூடும் என்று ஊகித்தும், பல வருடங்கள் அவளிடம் வாய் திறக்காமல் இருந்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான் மகப்பேறு, மகளிர் மருத்துவத்தில் டி.ஜி.ஓ. பட்டயம் படித்தவள். மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வழிந்து வயிற்றுக்குள் படிவதால் எண்டோமெட்ரியோசிஸ் வருகிறது என்று 1927-ல் சாம்ப்சன் சொன்ன கொள்கையையும், அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்பதற்கான வாதங்களையும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள்.

அவள் முதலில் என் கிளினிக்குக்கு வந்தபோது பத்தாம் வகுப்பு. அம்மாதான் பேசினார். "மாசாமாசம் ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போறதில்ல டாக்டரம்மா. சுருண்டு படுத்துக்கிடுறா, வாந்தி வேற. வெந்தயம் முழுங்கக் குடுத்தேன், அடிவயித்துல விளக்கெண்ணெய் தடவுனேன், ஒண்ணும் கேக்கல." மெஃபெனாமிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அதில் தவறில்லை, எடுத்தவுடன் கொடுக்கும் மருந்து அதுதான். அந்த மாத்திரைக்கு வலி அடங்கவில்லை என்று அவர்கள் திரும்பத் திரும்ப வந்தபோதும் அதையே எழுதினேனே, அதுதான் தவறு.

கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு நாள், அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த நாள்ல வெளிக்குப் போனா உயிர் போகுது டாக்டர்." அந்த ஒரு வாக்கியம் போதும். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ கருக்குழாயிலோ, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதாமாதம் அதுவும் வீங்கும், கசியும். ஆனால் அந்த ரத்தம் வெளியேற வழி கிடையாது. சுற்றியுள்ள இடமெல்லாம் புண்ணாகித் தழும்பேறும். மலக்குடலை ஒட்டிப் படிந்தால் மாதவிடாய் நாட்களில் மலம் கழிப்பதே வேதனையாகும். இத்தனையும் அந்த நிமிடம் என் மனதில் ஓடியது. ஸ்கேனுக்கு அனுப்பினேன். கல்யாணம் ஆகாத பெண் என்பதால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன்தான். நார்மல் என்று வந்தது. மெல்லிய படிவுகள் அதில் தெரியாது, நார்மல் என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமும் இல்லை. இதுவும் எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன்: "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. கல்யாணமாகி ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஹார்மோன் மாத்திரை கொடுத்து அந்த வலியைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். ஆனால் அது கருத்தடை மாத்திரை; அதைக் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எழுதினால் அம்மா என்ன கேட்பார், மருந்துக்கடைக்காரர் என்ன நினைப்பார் என்று தயங்கினேன். நோயின் பெயரைச் சொன்னால் 'இவளுக்குக் குழந்தை பிறக்காதாம்' என்றுதான் ஊரில் பேச்சு போகும், வரன் தட்டிப்போகும் என்றும் நினைத்தேன். இந்த நோயோடு இயல்பாகவே கருத்தரிப்பவர்கள் ஏராளம். அதை அந்த அம்மாவுக்கு விளக்கியிருக்கலாம். விளக்க நேரமாகும், வெளியே கூட்டம் காத்திருந்தது. இவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஹாஸ்டலில் நானும் அந்த நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு வார்டுக்குப் போனவள். நான் பொறுத்துக்கொண்டேனே, இவளுக்கு என்ன என்ற எரிச்சல் எனக்குள் இருந்தது. என் வலியை வைத்து அவள் வலியை அளந்தேன்.

கல்யாணமானது. 'விசேஷம் உண்டா' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் மாமியாரோடு வந்தாள். மாமியார் வெளியே போன இடைவெளியில், கணவனோடு சேரும்போதும் உள்ளுக்குள் குத்துகிறது என்றாள். "போகப்போகப் பழகிடும்மா" என்றேன். நான் சொன்னவற்றிலேயே என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். சோதிக்காமல், முட்டை வளர மாத்திரை எழுதி மாதங்களைக் கடத்தினேன்.

கடைசியில் அவர்களாகவே மதுரைக்குப் போய் லேப்ராஸ்கோபி செய்துகொண்டார்கள். இரண்டு சினைப்பைகளிலும் சாக்லேட் கட்டி, பழைய ரத்தம் கருத்துக் கெட்டியாகித் தேங்கியது. இடப்பக்கக் கருக்குழாய், ஈரத்தோடு மடித்துவைத்த கஞ்சித்துணி போலக் குடலோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. நான்காம் நிலை. குழாய் அப்படி இழுபட்டுக் கிடந்தால் முட்டையை வாங்க முடியாது. வயிற்றுக்குள் ஓயாத அழற்சி முட்டையையும் விந்தணுவையும் பாதிக்கும். கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் சேர்ந்தே வந்துவிடும். அறுவைக்குப் பிறகு அவளுடைய ஏ.எம்.எச். அளவு முன்பைவிட இறங்கியிருந்தது. முட்டை இருப்பு குறைந்துவிட்டது என்று பொருள்.

அதன்பின் என்னைப் பார்க்கத் தனியாக வந்தாள். நான் எழுதிய சீட்டுகளையெல்லாம் அவள் அம்மா ஒரு துணிக்கடைப் பையில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை என் மேசையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் அதே மாத்திரை, அதே அளவு. கல்லூரிக் காலத்துச் சீட்டு ஒன்றின் மூலையில் சிறிய எழுத்தில் 'எண்டோ' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். அதன்மேல் விரலை வைத்து, "இது என்ன டாக்டர்?" என்றாள்.

"சந்தேகம் இருந்துச்சும்மா. நான் சொல்லல."

"எங்கம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

முன்பே கண்டுபிடித்திருந்தால் இந்நேரம் அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. வலி குறைந்த வருடங்கள் கிடைத்திருக்கும். குழந்தையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றோ, முட்டைகளைச் சேமித்து வைப்பது பற்றியோ விவரம் தெரிந்து அவளே முடிவெடுத்திருப்பாள். அந்த முடிவுகளை அவள் கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். ஒருமுறை ஐ.வி.எஃப். செய்து பலிக்கவில்லை என்று அவள் அம்மா சொன்னார்.

இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், உலகெங்கும் 19 கோடி பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் என் எதிரே உட்கார்ந்து போனவர்களில் இவள் ஒருத்தி மட்டும் இருக்க முடியாது. கிளினிக்கின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, மாதவிடாய் வலிக்கு மறுபடி மறுபடி வந்த பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பல எண்கள் மாறிவிட்டன. நேற்று ஒருத்தி எடுத்தாள். இரண்டு பிள்ளைகளாம்.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"அப்படியேதான் இருக்கு டாக்டர். குழந்தை பொறந்தா போயிடும்னீங்க. போகலையேன்னு வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

இந்த நோய்க்கு வைத்தியம் என்று சொல்லி எந்தப் பெண்ணையும் கர்ப்பம் தரிக்கச் சொல்லக்கூடாது என்று ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி 2022-லேயே எழுதியிருக்கிறது. நான் சொன்னது தப்பு என்று அவளிடம் சொன்னேன். வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.