பழைய கிற்றாருக்கு எந்தத் தந்தி?

கிற்றார் தந்திகளைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரனுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்பவர்களுக்கு அது அந்நியமான விடயமல்ல. பாலையூற்றுப் பக்கத்தில் பறங்கியர் வீட்டுக் கல்யாணம் என்றால் வயலினும் கிற்றாரும் றபானும் சேர்ந்து கபிரிஞ்ஞா முழங்கும். எழுபதுகளில் ஈழத்துப் பொப் இசை எழுந்தபோது நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ நாடெங்கும் ஒலித்தது; இந்த ஊரிலிருந்து பரமேஸ் - கோணேஸ் சகோதரர் கிற்றாரோடு புறப்பட்டார்கள். கிற்றார் எங்களுக்கும் உரிய வாத்தியந்தான்.

எனக்குத் தெரிந்த பறங்கிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. ஊரில் பலரையும் போல நானும் அவரை ‘அங்கிள்’ என்றே அழைப்பது வழக்கம். அவருடைய தந்தை பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957 ஒக்ரோபரில் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது, ஊர் திரும்பிய மாலுமிகள் சைக்கிள், றேடியோ என்று கையில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டுப் போனார்கள். அப்படி வாங்கப்பட்டது ஒரு ஜெர்மானிய ஹொஃப்னர் கிற்றார். அங்கிளுக்கு அப்போது பத்து வயது. பின்னர் அவரும் துறைமுகத்தில் பிற்றராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது அவர் வீட்டிலிருந்து எடுத்துச்சென்ற பொருட்களில் அந்தக் கிற்றாரும் ஒன்று.

உறவினரில் பெரும்பாலோர் இப்போது அவுஸ்திரேலியாவில். கடந்த தை மாதம் பேத்தியின் கல்யாணத்தை இங்கேயே நடத்த முடிவாயிற்று. அதில் தந்தையின் கிற்றாரைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அங்கிளின் ஆசை. மெல்பேணில் இருந்து வரவிருந்த மகள், “எந்தத் தந்தி வாங்கிவர வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்” என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஓய்வு நேரத்தில் கிற்றார் வாசிப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அந்த ஒரு வரியை எழுத இரண்டு வாரம் பிடித்தது.

இது சாதாரணக் கிற்றார் அல்ல. இதன் முகப்பு வயலினைப் போல மேல்நோக்கி வளைந்தது. பக்கத்துக்கொன்றாக நீண்ட துளைகள் உண்டு. ‘ஆர்ச்ரொப்’ என்பார்கள். சாதாரணக் கிற்றாரில் குதிரை முகப்போடு ஒட்டப்பட்டிருக்கும். இதில் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தந்திகள் குதிரையைத் தாண்டி, அடிப்புறத்தில் திருகப்பட்ட உலோகத் தகட்டில் முடிகின்றன. ஆகவே தந்தி கழுத்தை இழுக்கிறது. அதே சமயம் முகப்பையும் கீழ்நோக்கி அமுக்குகிறது.

ஒலிபெருக்கி இல்லாத காலத்து நடன இசைக்குழுக்களில் ஊதுகருவிகளுக்கு நடுவே கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த வகை வளர்ந்தது. கிப்சன் நிறுவனத்தின் எல்-5 1922இல் வந்தது. உரத்த ஒலிக்குத் தடித்த தந்தி தேவைப்பட்டது. கழுத்து வளையாதிருக்க உள்ளே சரிசெய்யக்கூடிய இரும்புத் தண்டை வைக்கும் வழியைக் கிப்சன் இருபதுகளிலேயே கண்டிருந்தது. ஆனால் ஐம்பதுகளில் ஐரோப்பாவில் செய்யப்பட்ட பல கிற்றார்களில் அந்தத் தண்டு கிடையாது. அங்கிளின் கிற்றாரும் அப்படிப்பட்டதுதான். அதன் கழுத்து ஏற்கெனவே சற்று முன்னால் வளைந்திருந்தது.

“தம்பி, அப்பா போட்டது தடிச்ச கம்பி. மெல்லிசு போட்டா இது சிணுங்கும், பேசாது” என்றார் அங்கிள். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. வளைந்த முகப்பை அசைக்கப் பலம் வேண்டும்.

தந்தியின் தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கால் அளக்கிறார்கள். மிக மெல்லிய முதல் தந்தி 12 என்றால் முழுத் தொகுதிக்கும் அதுவே பெயர். 12க்கும் 13க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இழுவிசை தடிப்பின் வர்க்கத்தோடு கூடுவதால் அந்த முதல் தந்தியில் மட்டும் 17 சதவீதம் ஏறிவிடும். ஆறு தந்திகளையும் சேர்த்தால் 11 தொகுதி ஏறத்தாழ 67 கிலோ பாரத்தோடு கழுத்தை இழுக்கிறது. 13 தொகுதி 80 கிலோவைத் தாண்டுகிறது. எழுபது ஆண்டு வயதான, தண்டு இல்லாத கழுத்தில் மேலதிகமாகப் பதினைந்து கிலோ என்பது சிறிய விடயமல்ல.

வழி சுருதியில் இருந்தது. அதே தந்தியை ஒரு மெட்டு அளவு தாழ்த்திச் சுருதி கூட்டினால் இழுவிசை 11 சதவீதம் குறையும். இரண்டு மெட்டுத் தாழ்த்தினால் ஏறத்தாழ 21 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மெட்டுத் தாழ்த்திய 13, வழக்கமான சுருதியில் நிற்கும் 11 அளவுக்கே இழுக்கிறது. தடித்த தந்தியின் கனம் கையில் இருக்கும், கழுத்து தப்பும். பாடுகிறவருடைய குரலும் வயதோடு இறங்கியிருந்தது. “இது எனக்குத்தான் வசதி” என்று அங்கிள் சிரித்தார்.

அடுத்தது உலோகம். காந்த ஒலிவாங்கி பூட்டிய கிற்றாருக்கு உருக்கும் நிக்கலும் பொருந்தும். வெண்கலத்தை அந்த ஒலிவாங்கி சரிவர உணராது. அங்கிளின் கிற்றாரில் ஒலிவாங்கி இல்லாததால் தெரிவு விரிந்திருந்தது. செம்பும் நாகமும் கலந்த, ‘புரோன்ஸ்’ என்று விற்கப்படும் பளிச்சென்ற தந்திகள் முதல் நாளில் தேன். ஆனால் எங்கள் கடற்காற்றில் சில வாரங்களில் கறுத்து மங்கிவிடும். தட்டையான நாடா சுற்றிய தந்தி விரலுக்கு இதமானது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கபிரிஞ்ஞாவின் துள்ளலுக்கு அதன் ஒலி அடங்கியது. மெல்லிய உறை பூசிய தந்திகள் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து கிடைக்கின்றன. அவை உப்பைத் தாங்கும், ஆனால் அந்த வழுக்கல் எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

கடைசியில் மோனல் என்ற உலோகத்தில் வந்து நின்றோம். மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும் மீதியில் பெரும்பகுதி செம்பும் கொண்ட கலவை. முப்பதுகளில் கிப்சன் நிறுவனம் அதனால் சுற்றிய தந்திகளை விற்றது. பின்னர் மறக்கப்பட்டிருந்த அதை 2010களில் மார்ட்டின் நிறுவனம் திரும்பக் கொண்டுவந்தது. பெயரைச் சொன்னதும் அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மோனலோ? உப்புத்தண்ணிப் பம்பு, வால்வுக்கெல்லாம் அதுதானே! எங்கட கடலுக்குப் பழகின சாமான் தம்பி அது.” தந்தி விளம்பரம் எழுதுகிறவர்கள் இப்படியொரு வாக்கியத்தை எழுதியதில்லை.

மகள் வாங்கிவந்த தொகுதியை ஒவ்வொரு தந்தியாக மாற்றினோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் குதிரை நகர்ந்துவிடும். பிறகு மெட்டுகளில் சுருதி சேராது. மழைக்காலமாதலால் முகப்பு ஈரத்தில் சற்று உப்பித் தந்திகளை உயர்த்தியிருந்தது; குதிரையின் திருகுகளைச் சிறிது இறக்கினோம். ஒரு வாரம், காலையும் மாலையும் கழுத்தைக் கண்ணால் பார்த்தோம். அசையவில்லை.

கல்யாணத்தில் அங்கிள் நாற்பது நிமிடங்கள் வாசித்தார். வயலின்காரர் சுருதி மாற்றத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் விரல்களை மாற்றிக்கொண்டார். ஒலி முந்தைய நாட்களின் இடிமுழக்கம் அல்ல. சற்றுத் தாழ்ந்த, மரத்தின் அடியிலிருந்து வருகிற குரல். தகப்பனின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த மகள் முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார்.

தந்தி தெரிவு செய்வோர் பலரும் ஒலியைப் பற்றியே கேட்கிறார்கள். பழைய வாத்தியமானால் முதலில் கழுத்தைப் பாருங்கள், பிறகு வாசிப்பவரின் கையையும் ஊரின் காற்றையும் பாருங்கள். ஒலி பற்றிய கேள்விக்குப் பாதிப் பதில் அதற்குள் கிடைத்துவிடும்.

மோனல் சுற்றாத முதலிரு தந்திகளும் வெறும் உருக்கு. அவற்றை அங்கிள் தினமும் உலர்ந்த துணியால் துடைக்கிறார். இப்போது சுருதியை ஒரு மெட்டாவது உயர்த்தலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். கச்சான் காற்று அடித்து மரம் காய்ந்த பிறகு கழுத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.