காது குளிர

ஒலிக்கருவிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு நல்ல ஒலி என்றால் அது கதகதப்பானது. பனிநாட்டில் பிறந்த உவமை அப்படித்தான் இருக்கும். நாம் காது குளிரக் கேட்டோம் என்கிறோம். வெயில் நாட்டின் உவமை. இரண்டும் ஒரே இன்பத்தைச் சொல்பவையா என்ற ஐயம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை நண்பர், ‘வால்வு ஆம்ப்ளிஃபயரே சூடான சாதனம், அதோடு அடிஒலி கனத்த ஹெட்ஃபோனைச் சேர்ப்பது சூட்டின் மேல் சூடு அல்லவா?’ என்று கேட்டபோது அந்த ஐயம் மறுபடி தலைதூக்கியது.

நான் இருப்பது கோவைக்கும் திருப்பூருக்கும் இடையில், சுங்கச்சாவடியால் வெளியூர்க்காரர்களுக்குப் பெயர் தெரிந்த கணியூரில். (மடத்துக்குளம் பக்கத்துக் கணியூர் வேறு.) சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரம் முழுக்க விசைத்தறி. திருப்பூரின் பனியன் பணம் ஒரு பக்கம், எங்கள் கூலித்தறி மறுபக்கம். ஊர் அமைதியாக இருந்தால் மின்சாரம் போயிருக்கிறது என்று பொருள்.

வால்வுக்கும் இந்த மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. சூலூரை அடுத்த கலங்கலில் 1893ல் பிறந்த ஜி. டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்துவிட முடியும் என்று 1941ல் அறிவித்தார். அலையைத் தேர்ந்து மாற்ற ஒரு வால்வு, அதைப் பெருக்க ஒன்று, பேச்சைப் பிரித்தெடுக்க ஒன்று, ஒலிபெருக்கியை அசைக்க ஒன்று, மின்சாரத்தை நேராக்க ஒன்று. டிரான்சிஸ்டர் பிறந்த 1947க்குப் பிறகும் நெடுநாள் இந்த ஐவர்தான் வீடுகளில் பாடினார்கள். எங்கள் தாத்தா வீட்டு ரேடியோவின் பின்பலகையில் இருந்த துளைகள் வழியே அந்தச் செம்மஞ்சள் ஒளியைப் பார்த்துக்கொண்டே உறங்கிய தலைமுறையில் கடைசி ஆள் நானாக இருக்கலாம்.

அந்த ரேடியோவின் இனிமையை வால்வின் இனிமை என்று சொல்வது பாதி உண்மைதான். மத்திய அலை ஒலிபரப்பில் ஏறக்குறைய 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. கூர்மையெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். மிச்சத்தை மரப்பெட்டி உருட்டிக் கொடுக்கும். வால்வின் பங்கு வேறு விதமானது. அது பிழை செய்யும்போது, மூல சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணில், அதாவது மேல்ஸ்தாயியில் அதே சுரத்தை, மெல்லச் சேர்த்துப் பாடுகிறது. பிழையே சுருதி சேர்ந்து நிற்பதால் காது அதை மன்னிக்கிறது. பல நேரம் விரும்பவும் செய்கிறது.

சோமனூரில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவரிடம் சொல்லி எனக்கென்று ஒரு சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் கட்டுவித்தேன். முன்னால் ஓர் ஈசிசி 82, பின்னால் ஒரு 6080, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. (உள்ளே நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் ஓடும். கற்றவர் உடனில்லாமல் யாரும் பெட்டியைத் திறக்க வேண்டாம்.) ஹெட்ஃபோன், 2003ல் வெளிவந்த சென்ஹைசர் ஹெச்டி 650. அடிஒலி கனத்தது, மேலொலி சற்றே பின்வாங்கியது என்று பெயர் வாங்கியது.

இயற்பியல் நண்பரின் கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. சூடு என்ற சொல்லை விட்டுவிட்டு ஓம் கணக்குக்குப் போக வேண்டும். இவ்வகை ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு சுமார் 120 ஓம். ஹெச்டி 650ன் மின்மறுப்பு 300 ஓம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், 100 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழொலியில் அது ஏறத்தாழ 500 ஓம் வரை ஏறும். மின்மறுப்பு ஏறும் இடத்தில் ஹெட்ஃபோனுக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் ஏறும். கணக்குப் போட்டால் அங்கே ஒரு டெசிபல் அளவுக்குக் கூடுதல். அவ்வளவுதான். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) கேட்கும்போது பாஸ் கிடார் ஒரு விரற்கடை முன்னால் வந்து அமர்கிறது, வயலின்கள் தம் இடத்திலேயே இருக்கின்றன. அதே ஆம்ப்ளிஃபயரில் 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகி, அதன் மின்மறுப்பும் தாழொலியில் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால், கூடுதல் நான்கு டெசிபலைத் தாண்டிவிடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவைப் பசையை அள்ளி அப்பிய மாதிரி எல்லாம் ‘தொம்’ என்றாகும். ஆக, சூட்டோடு சூடு சேரலாமா என்பதை ஹெட்ஃபோனின் குணத்தைவிட அதன் ஓம் அளவே முடிவு செய்கிறது. மின்மறுப்பு ஏறாமல் இறங்காமல் இருக்கும் பிளானர் வகை ஹெட்ஃபோன்களில் இந்தக் கூடுதல் ஏறக்குறைய இல்லவே இல்லை.

நாம் கனம் என்று சொல்லும் இந்தத் தாழ்ந்த ஸ்தாயியைத் தமிழிசை மரபு ‘மெலிவு’ என்றது. நடுவில் சமன், உச்சத்தில் வலிவு. பாடும் மிடற்றின் முயற்சியிலிருந்து பிறந்த பெயர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெருக்கிக் காட்டும் மின்சாரம் இல்லாத நாளில் கீழே இறங்க இறங்கக் குரல் மெலியத்தானே செய்யும்?

இவ்வளவும் என் இன்பத்தைப் பற்றியது. அப்பாவின் காது வேறு செய்தி.

அப்பா முப்பத்தெட்டு ஆண்டுகள் சாதாத் தறி ஓட்டியவர். நாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் போய் மோதும் ஓசை, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், ஒரு கொட்டகைக்குப் பல தறிகள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. ஓடுகிற கொட்டகையில் அந்த எல்லை சாதாரணமாகத் தாண்டப்படும். இத்தகைய இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேள்வியை. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தலையில் ஹெச்டி 650ஐ மாட்டி, அவருக்குப் பிடித்த கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் ‘ஔவையார்’ (1953) பாட்டு ஒன்றை வைத்தேன். ஒலிவாங்கி இல்லாமல் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைவரை சொல் சொல்லாகக் கொண்டுபோய்ச் சேர்த்த குரல் அது. கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது.

“கேக்குதுங்களாப்பா?”

“பாட்டு வருது கண்ணு. வார்த்தெ வர்ல.”

தமிழ் நடத்துகிறவனுக்கு இதைவிடத் தெளிவாக ஒலிப்பிறப்பியல் பாடம் வாய்க்காது. உயிர்களின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அவை அப்பாவுக்குக் கேட்கின்றன. மெல்லினத்தின் மூக்கொலி முனகலும் ஓரளவு கேட்கிறது. போய்விட்டவை ச, த, ட, க. உச்சியில், கண நேரம் மட்டும் வெடித்தோ உரசியோ மறைகிற ஒலிகள். இலக்கணம் மெய்க்கு அரை மாத்திரைதான் கொடுத்தது. அந்த அரை மாத்திரையைத்தான் தறி எடுத்துக்கொண்டது. வல்லினம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் காது பழுதாகும்போது முதலில் தோற்பது அதுதான். ‘பட்டு’, ‘பத்து’ இரண்டும் அவருக்கு ஏறக்குறைய ஒரே சொல். வீட்டில் நாங்கள் பேசும்போது அவர் பொதுவாகச் சிரித்து வைப்பதன் காரணமும் அதுவே.

என் கதகதப்பு அவருக்கு உதவாது. வால்வும் ஹெச்டி 650ம் சேர்ந்து எதை மெல்லப் பின்தள்ளுகின்றனவோ, அதையே அவருடைய காது ஏற்கெனவே முழுதாகத் தள்ளிவிட்டது. அவருக்கு வேண்டியது மறுதுருவம்: வெளியீட்டு மின்மறுப்பு ஓர் ஓமுக்குள் அடங்கும் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும், மேலொலி தூக்கலானது என்று பலர் முகம் சுளிக்கும் பேயர்டைனமிக் டிடி 990ம். எனக்குப் பத்து நிமிடத்தில் தலை வலிக்கும் அந்தக் கூர்மையில், சுந்தராம்பாளின் இரண்டு மூன்று சொற்களை அப்பா திருப்பிச் சொன்னார். எல்லாச் சொற்களையும் அல்ல. கருவியால் கூட்ட முடியும், இல்லாத அணுவைக் கொடுக்க முடியாது. கூட்டுவதற்கும் எல்லை உண்டு. இத்தகைய காதுகளுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் உரத்த ஒலி மற்றவர்களுக்கு உறைப்பதைப் போலவே உறைக்கும்.

செவித்திறன் சோதனை செய்து, இழப்பின் வரைபடத்தைப் பார்த்து அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் கொடுக்கிற சாதனம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் காதுக்கருவி என்று பெயர். கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாத ஊர் இதற்கு வெட்கப்படுகிறது. அப்பா ஆறு மாதம் மறுத்தார். இப்போது பேத்தி பேசும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறார், தறிக்கொட்டகைப் பக்கம் போகும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். அது சரியான வழக்கம்தான்.

எனக்குக் கவலை அடுத்த தெருவைப் பற்றி. அங்கே தறி ஓட்டும் இளைஞர்களில் பலர் காதில் இயர்ஃபோனோடுதான் நிற்கிறார்கள். தாழொலி அதிர்கிற மலிவான வகை. தறியின் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பாட்டை இரைச்சலுக்கு மேல் ஏற்றியாக வேண்டும். இரைச்சலோடு பாட்டும் அதே மயிரணுக்களின் மேல்தான் விழுகிறது. சில மூத்தவர்கள் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். பஞ்சு விளையும் நாட்டில் அது இயல்பு, ஆனால் பஞ்சு தடுப்பது மிகக் கொஞ்சம். விரலால் உருட்டிச் செருகினால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும் நுரைச் செருகிகள் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. சென்ற மாதம் ஒரு பெட்டி வாங்கிப் பக்கத்துக் கொட்டகையில் கொடுத்தேன். “பாவு அந்துதுன்னா சத்தத்துல தெரியோணுமுங் சார்” என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. செருகி எல்லாவற்றையும் அடைத்துவிடாது, குறைக்கத்தான் செய்யும் என்றேன். ஒரு ஷிஃப்ட் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.