பொத் பொத்

மயிலாப்பூரில் நான் படிச்ச பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தை என்ன செய்யலாம்னு பேச, பழைய மாணவர்களைக் கூப்பிட்டிருந்தாங்க. போனேன். (காபி, போண்டா உண்டு!)

இடிச்சுட்டு மூணு மாடி கட்டணும் என்றது ஒரு கோஷ்டி. அந்தப் பயம் நியாயமானதுதான். 2004-ல் கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு பையன்கள். யாருக்குத்தான் தைரியம் வரும்?

ஆனா எங்களோடது மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டங்கள் மேல சின்னச் செங்கலை நெட்டுக்குத்தலா நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்து போட்டுக் கட்டினது. அது மூச்சு விடணும். ஒழுகுதேன்னு எப்பவோ ஒரு புண்ணியவான் மேல சிமெண்ட்டைப் பூசிட்டார். ஈரம் வெளியேற வழியில்லாம, சுவருக்குள்ள இருக்கிற விட்டத்து முனை உளுத்துப் போச்சு. வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியாது. எஞ்சினியர் சுத்தியலால தட்டிக் காட்டினார். பொத் பொத்துன்னு சத்தம். நான் உட்கார்ந்த ஏழாம் வகுப்புக்கு நேர் மேலே..

விட்டத்தை மாத்தலாம். கோடை லீவுக்குள்ள முடியுமா? முடியலைன்னா பசங்களை எங்கே உட்கார வைக்கிறது? மைதானத்துல புது பிளாக் கட்டிட்டு மாத்தலாம்னா, அப்புறம் மைதானம் ஏது? இந்த ஏரியாவுல இன்னொரு கிரவுண்ட் வாங்க யாரால முடியும்?

"முதல்ல சிமெண்ட்டை உரிச்சு, எத்தனை விட்டம் போச்சுன்னு எண்ணுங்க சார். அதுவரைக்கும் அந்த ரூமைப் பூட்டுங்க"ன்னேன். பூட்டுறதுக்கு மட்டும் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. திங்கட்கிழமையிலிருந்து ஏழாம் வகுப்பு பிரேயர் ஹாலில்.