மாரிக்காலத்துப் போத்தல்கள்

திருகோணமலையில் இஞ்சி பியர் போத்தலில் அடைபடும் காலம் மார்கழி. மாரி உச்சத்தில் நிற்கும் காலமும் அதுதான். நத்தாருக்கு வீட்டில் இஞ்சி பியர் செய்வது இலங்கைப் பறங்கியரின் பழைய வழக்கம். அவர்களின் குடும்பங்கள் இங்குள்ள பாலையூற்றில் இன்றும் இருக்கின்றன. கசப்புக்கு ஹொப்ஸ் போட்ட அசல் பியரை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் வடிக்க 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இடம் தராது. ஆனால் போத்தலைக் கழுவி, உலர்த்தி, நிரப்பும் வேலை இரண்டுக்கும் ஒன்றே.

முதலில் போத்தலைத் தெரிந்தெடுக்க வேண்டும். சாராயப் போத்தல் பார்வைக்கு உறுதியானது. ஆனால் அதில் வாயு இல்லாத பானமே அடைக்கப்படுவதால், அழுத்தம் தாங்க அது வார்க்கப்படவில்லை. 625 மில்லிலீற்றர் பியர் போத்தலும் தடித்த சோடாப் போத்தலும்தான் தாங்கும். விளிம்பில் பொளிந்தது, உடலில் கீறல் விழுந்தது எதுவும் ஆகாது. பியர் போத்தலின் தவிட்டு நிறம் ஹொப்ஸுக்காக: வெளிச்சம் பட்டால் அதன் கசப்புப் பொருள் சிதைந்து நாறும். இஞ்சிக்கு அந்தப் பயம் இல்லை.

இலங்கையில் போத்தல் என்பது பாத்திரம் மட்டுமல்ல, அளவும்கூட. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், தேன் எல்லாம் போத்தல் கணக்கில் விலை பேசப்பட்டவை. ஆகவே வெறும் போத்தல் எதுவும் தன் பழைய வாழ்க்கையை லேசில் சொல்லாது. மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதே நல்ல சோதனை. மண்ணெண்ணெய் இருந்த போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் குடிக்கும் பானத்துக்கு எடுக்கக் கூடாது. சமையல் எண்ணெய் இருந்ததும் வேண்டாம். எண்ணெய்ப் படலம் கொஞ்சம் மிஞ்சினாலே நுரை நிற்காது.

கழுவும் வேலையில் பாதி, குடித்து முடித்த கையோடு நடக்க வேண்டியது. அப்போதே இரண்டு தரம் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டால் அடியில் மண்டி ஒட்டாது. ஒரு கிழமை கிடந்த போத்தலில் அது காய்ந்து பொருக்காகிவிடும். பிறகு சலவைச் சோடா கரைத்த சுடுநீரில் ஓர் இரவு ஊற விட்டு, நீண்ட பிரஷால் தேய்க்க வேண்டும். பிரஷ் எட்டாத அடிமூலைக்கு ஒரு கைப்பிடி அரிசியும் கொஞ்சத் தண்ணீரும் போட்டுக் குலுக்கலாம். சிலர் மணல் போடுவார்கள். மணல் கண்ணாடியைக் கீறும். கீறிய இடத்தில்தான் போத்தல் பின்னர் வெடிக்கும். கடலோரக் கிணற்றின் உவர்நீரில் கழுவினால் வெண்படலம் விழும். தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ அதை எடுக்கும். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரே மேல்.

கண்ணுக்குச் சுத்தமான போத்தலிலும் கிருமி இருக்கும். வீட்டுக்கு எளிதான மருந்து குளோரின் வெளுப்பான்: 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, பத்து நிமிட ஊறல், பிறகு கொதித்து ஆறிய நீரில் நன்றாக அலசல். வினாகிரியையும் வெளுப்பானையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். கொதிநீரை நேரே ஊற்றுவதும் பிழை. ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் திடீர் வேறுபாட்டிலேயே கண்ணாடி விரிசல் விடத் தொடங்கும். போத்தலை முதலில் இளஞ்சூட்டு நீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும்.

உலர்த்துவதில்தான் இந்த ஊரின் காலநிலை குறுக்கே வருகிறது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது, கவிழ்த்த போத்தல் மத்தியானத்துக்குள் எலும்பாய்க் காய்ந்துவிடும். மார்கழியில் அதே போத்தல் விறாந்தையில் இரண்டு நாள் கவிழ்ந்து கிடந்தாலும் உள்ளே முத்து முத்தாய் நீர் நிற்கும். தட்டையான தரையில் வாய் பொருந்தக் கவிழ்த்தால் ஈரக்காற்று வெளியேற வழியே இல்லை. பலகையில் துளையிட்டுக் கழுத்தைச் செருகினால் கீழிருந்து காற்று ஏறும். வேலிக் கதியாலில் கவிழ்ப்பவர்களும் உண்டு. நாலு நாள் மறந்துவிட்டால் உள்ளே எறும்பும், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு வெள்ளைப் பல்லி முட்டையும் இருக்கும். ஈரத்தைப் போக்கவென்று துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விடுவது எல்லாவற்றிலும் மோசம். கழுவிப் போக்கிய கிருமியைத் துணி திரும்பக் கொண்டுபோய் வைக்கும். உண்மையில் உடனே நிரப்புவதானால் உலர்த்தவே தேவையில்லை. கொதித்து ஆறிய நீரின் சில துளிகள் எதையும் கெடுப்பதில்லை. எடுத்து வைக்கும் போத்தலைத்தான் உலர்த்த வேண்டும், அதையும் வாயை மூடி வைத்து நிரப்பும் நாளில் மறுபடி அலச வேண்டும். உலர்த்துவதற்குக் கொடுக்கப்படும் மரியாதை கொஞ்சம் அதிகம்தான்.

நிரப்புவதற்குப் புனலை விட மெல்லிய குழாய் நல்லது. அதைப் போத்தலின் அடிவரை இறக்கி, மேலே வைத்த பானையிலிருந்து சத்தமில்லாமல் இறங்க விட வேண்டும். சலசலத்து ஊற்றினால் காற்றுக் கலந்து சுவை பழசாகும். பானையின் அடிமண்டியைக் குழாய் தொடக் கூடாது. கழுத்தில் மூன்று சென்ரிமீற்றர் இடம் விட்டு மூட வேண்டும். இன்றைய நெளிவு மூடி, வில்லியம் பெயின்ரர் என்ற அமெரிக்கர் 1892 இல் காப்புரிமை பெற்றது. அதை இறுக்கத் தனிக் கருவி வேண்டும். ஒருமுறை கழற்றிய மூடி மறுபடி பிடிக்காது.

பியரும் இஞ்சி பியரும் பிரியும் இடம் சீனி. பியர் முழுதாகப் புளித்து ஓய்ந்த பிறகு, லீற்றருக்கு 7 கிராம் அளவில் சீனி சேர்த்து அடைக்கப்படும். எழும் வாயு அந்த அளவோடு நிற்கும். அப்படியும் 30 பாகையில் போத்தலுக்குள் கார் ரயரை விடக் கூடிய அழுத்தம் இருக்கும். இஞ்சி பியரோ இனிப்போடு, ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே அடைபடுகிறது. லீற்றருக்கு 100 கிராம் சீனி முழுதும் புளித்தால் 25 லீற்றருக்குக் குறையாத வாயு வரும். எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்காது. வீட்டில் அதை மட்டுப்படுத்துவது குளிர்தான்.

ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டுமாவது பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் நிரப்புவது புத்தி. அதை விரலால் அமுக்கிப் பார்த்தால் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். இந்த ஊர் வெக்கையில் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ அது கல்லாய் இறுகும். இறுகியதும் எல்லாவற்றையும் பிரிஜ்ஜுக்குள் ஏற்ற வேண்டும். அதுவரை கண்ணாடிப் போத்தல்களைச் சாக்கால் மூடி, பிள்ளைகள் போகாத மூலையில் வைப்பது வழக்கம். குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். குளிரில் வாயு நீருக்குள் அடங்கியிருக்கும். ஊற்றும்போது கடைசி ஒரு விரற்கடை மண்டியைப் போத்தலிலேயே விட்டுவிட வேண்டும்.